காத்திருப்பது வேறு, உறங்குவது வேறு

முரசு கொட்டினாலும் விழிக்காத உறக்கம் கும்பகர்ணனுடையது. அத்தகைய உறக்கத்தையே நாம் நம் கணிப்பொறி நிரல்களுக்கும் கற்றுக்கொடுத்து வருகிறோம் என்பது என் குற்றச்சாட்டு.

அண்மையில் நம் வகுப்பில் ஒரு பயிற்சி. தோல் பதனிடும் டிரம் 60 நொடி சுழல வேண்டும். இடையில் விசைப்பலகையைத் தட்டினால் உடனே நிற்க வேண்டும். இதற்குப் பைத்தானில் மாதிரி நிரல் எழுத வேண்டும். என்னையும் சேர்த்துப் பலரும் 'டைம்.ஸ்லீப்(60)' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தோம். தட்டினோம், பயனில்லை. கண்ட்ரோல்-சி கொடுத்தோம், உறக்கம் கலைந்தது, நிரலும் அங்கேயே மாண்டது! டிரம்மை நிறுத்தும் வரி நிறைவேறவே இல்லை.

'இன்புட்' கட்டளையும் இதற்குத் தீர்வன்று. ஸ்லீப் கடிகாரத்தைப் பார்க்கும், மனிதனை மறக்கும். இன்புட் மனிதனைப் பார்க்கும், கடிகாரத்தை மறக்கும். இரண்டையும் ஒருசேரக் கவனிப்பது 'செலக்ட்'. விசைப்பலகையையும் 60 நொடிக் கெடுவையும் அதனிடம் ஒப்படைத்தால், எது முந்துகிறதோ அதற்கு விழிக்கும். லினக்ஸில் எண்டர் தட்டினால் போதும். விண்டோஸில் செலக்ட் விசைப்பலகைக்கு உதவாது, அங்கே 'கேபிஹிட்' கொண்டு, சிறு சிறு இடைவெளியில் "யாரேனும் தட்டினார்களா?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

நாலைந்து வரிகள்தாம் கூடும். இது மதிப்பெண்ணுக்கான செய்தி மட்டுமா? ராணிப்பேட்டையில் டிரம் சுழலும் ஓசை கேட்டு வளர்ந்தவர் நம்மில் பலர். அதனருகே நிற்பவர் நம் தந்தையாக இருக்கலாம், அண்ணனாக இருக்கலாம். மெய்யான டிரம்முக்கு மின்சாரத்தையே துண்டிக்கும் தனிச் சுவிட்ச் வேண்டும். நிரலை மட்டும் நம்பலாகாது. ஆயினும் "நிறுத்து" என்னும் குரலுக்குச் செவிசாய்க்கும் பழக்கம், நிரல் எழுதுவோருக்கு மாணவப் பருவத்திலேயே வர வேண்டாமா?

2019 ஜூலை 15 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில், சந்திரயான்-2 புறப்பட 56 நிமிடம் 24 நொடி இருக்கையில் கோளாறு தெரிந்தது, எண்ணிக்கையை நிறுத்தினார்கள். ஜூலை 22 அன்று அது விண்ணேறியது. இடையில் நிறுத்த வழி வைத்திருந்ததால் அன்றோ, கோளாறைச் சரிசெய்ய ஒரு வாரம் கிடைத்தது!

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். செய்முறைத் தேர்வில் எங்கள் நிரல் காத்திருக்கும்போது ஒருமுறை தட்டிப் பாருங்கள். விழிக்காத நிரலுக்கு முழு மதிப்பெண் தராதீர்கள். அது என்னுடைய நிரலாக இருந்தாலும் சரியே.