60,000 ரிங்கிட் மின்சார கார்: ஜொகூரில் யாருக்குக் கட்டுப்படியாகும்?

மின்சார கார் என்றாலே பணக்காரர் சமாச்சாரம் என்ற பேச்சு மாறிவருகிறது.

2025 அக்டோபர் இறுதியில் புரோட்டோன் இ.மாஸ் 5 விற்பனைக்கு வந்தது. அதன் அடிப்படை ரகமான 'பிரைம்', சலுகைகள் சேர்க்காமல் 59,800 ரிங்கிட். பெரோடுவா மைவியின் உச்ச ரகமும் ஏறக்குறைய அதே விலைதான்.

அப்போ மைவிக்குப் பதிலா இதையே வாங்கிடலாமா? பெட்ரோல் காசாவது மிச்சமாகுமே?

கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஒரு கேள்வி: இரவில் உங்கள் காரை எங்கே நிறுத்துகிறீர்கள்?

மாதச் செலவு எவ்வளவு?

கூலாய் வட்டாரத்திலிருந்து ஜொகூர் பாருவுக்கு வேலைக்குப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். போக வர தினமும் 50 கிலோமீட்டர். மாதம் 25 நாள் என்றால் 1,250 கிலோமீட்டர்.

பெட்ரோல் கார் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் என்றும், சிறிய மின்சார காருக்கு 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் மின்சாரம் தேவைப்படும் என்றும் வைத்துக்கொள்வோம்.

- பெட்ரோல்: சுமார் 78 லிட்டர். 2025 செப்டம்பர் 30இல் தொடங்கிய புடி95 திட்டத்தின் 1.99 ரிங்கிட் விலையில், சுமார் 155 ரிங்கிட்.
- வீட்டில் சார்ஜ்: சுமார் 188 யூனிட். 2025 ஜூலையில் நடப்புக்கு வந்த டிஎன்பி கட்டணப்படி யூனிட்டுக்கு 44.43 சென். மொத்தம் சுமார் 83 ரிங்கிட்.
- வெளியே அதிவேக சார்ஜரில்: யூனிட்டுக்கு 1.20 ரிங்கிட் என்று வைத்தால், சுமார் 225 ரிங்கிட்.

கவனித்தீர்களா? வீட்டில் சார்ஜ் செய்தால் மாதம் 70 ரிங்கிட் மிச்சம். வெளியே மட்டுமே சார்ஜ் செய்தால் அதே 70 ரிங்கிட் கூடுதல் செலவு. கார் ஒன்றுதான், ஓடும் தூரமும் ஒன்றுதான்.

ஏன் இவ்வளவு குறைவான மிச்சம்?

காரணம் பெட்ரோல் மானியம். புடி95 தொடங்கியபோது மானியமில்லாத விலை 2.60 ரிங்கிட். அந்த விலையில் கணக்குப் போட்டால் மாதப் பெட்ரோல் செலவு 200 ரிங்கிட்டைத் தாண்டும். மின்சார காரின் மிச்சமும் 120 ரிங்கிட்டாகும். அதாவது, மானியம் குறையக் குறைய மின்சார காரின் பக்கம் கணக்கு சாயும்.

வீட்டு மின்கட்டணத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. மாதம் 1,000 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு டிஎன்பி தள்ளுபடி தருகிறது. ஆனால் பயன்பாடு ஏற ஏற அந்தத் தள்ளுபடி இறங்கும். 600 யூனிட்டைத் தாண்டினால் மாதம் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும் சேரும். ஆகவே, 70 ரிங்கிட் மிச்சம் சில வீடுகளில் 60க்குக் கீழே வரலாம்.

தரை வீடா, அடுக்குமாடியா?

சொந்தத் தரை வீடு என்றால் சிக்கல் குறைவு. தினசரி 50 கிலோமீட்டருக்குச் சாதாரண மூன்று முனை பிளக்கில் நான்கு மணி நேரம் போட்டாலே போதும். அதற்கு முன் உரிமம் பெற்ற மின் தொழிலாளியை அழைத்து வயரிங்கைச் சரிபார்த்துவிடுங்கள். சுவர் சார்ஜர் பொருத்தினால் வேகம் கூடும். ஆனால் அதற்குத் தனியாகச் சில ஆயிரம் ரிங்கிட் ஆகலாம்.

அடுக்குமாடியிலோ வாடகை வீட்டிலோ இருப்பவர்களுக்குத்தான் தலைவலி. கார் நிறுத்துமிடத்தில் பிளக் போட நிர்வாகக் குழு சம்மதிக்க வேண்டும், அல்லது வீட்டு உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். காரை புக் செய்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது, பிறகு அல்ல.

சிங்கப்பூரில் வேலை செய்பவர்களுக்கு?

ஜொகூரில் பலர் தினமும் மோட்டார் சைக்கிளிலோ பேருந்திலோ பாலம் கடக்கிறார்கள். கார் வார இறுதியில் மட்டும் வெளியே வரும். மாதம் 400 கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்றால், வீட்டில் சார்ஜ் செய்தாலும் மிச்சம் 25 ரிங்கிட்டைக்கூடத் தொடாது. புக்கிட் சாகருக்கும் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் இடையே ஆர்டிஎஸ் ரயில் ஓடத் தொடங்கினால், சிலருடைய கார் இன்னும் குறைவாகவே ஓடும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகணுமே?

'பிரைம்' ரகம் ஒரு முழு சார்ஜில் 225 கிலோமீட்டர் ஓடும் என்பது சோதனைக் கணக்கு. நெடுஞ்சாலை வேகத்தில் அது குறையும். ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூருக்குச் சுமார் 330 கிலோமீட்டர். வழியில் ஒரு முறையாவது நிறுத்தியே ஆக வேண்டும். பெருநாள் நெரிசலில் சார்ஜருக்கு வரிசை இருந்தால், அந்த நேரத்தையும் பயணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விலைப்பட்டியலில் இன்னும் என்ன பார்க்கணும்?

- சாலை வரி: 2026 முதல் மின்சார கார்களுக்கும் உண்டு. 100 கிலோவாட் வரையிலான கார்களுக்கு அது ஆண்டுக்கு 70 ரிங்கிட்டைத் தாண்டாது. 1.5 லிட்டர் மைவிக்கு 90 ரிங்கிட்.
- பேட்டரி வாடகை: 2025 டிசம்பரில் வந்த பெரோடுவா கியூவி-இ விலை 80,000 ரிங்கிட். அதில் பேட்டரி அடங்காது. பேட்டரிக்கு 9 ஆண்டுகளுக்கு மாதம் 275 ரிங்கிட், வரி தனி. நம் உதாரணத்தில் மொத்தப் பெட்ரோல் செலவே 155தான்!
- கடன் காலம்: பலர் எடுப்பது 9 ஆண்டுக் கடன். பேட்டரி உத்தரவாதம் பொதுவாக 8 ஆண்டு. அந்தக் கடைசி ஓர் ஆண்டில் தவணையும் உங்களுடையது, பேட்டரியும் உங்கள் பொறுப்பு.
- மறுவிற்பனை: மைவிக்குப் பழைய கார் சந்தையில் கிராக்கி உண்டு. மலிவு மின்சார கார்கள் அந்தச் சந்தைக்கே புதுசு. புதிய கார்களின் விலை இறங்கினால், உங்கள் காரின் மதிப்பும் இறங்கும்.

அப்போ, வாங்கலாமா?

சொந்த வீட்டில் பிளக் இருக்கிறது, மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறீர்கள், நெடுந்தூரத்துக்கு வீட்டில் இன்னொரு கார் உண்டு என்றால், தாராளமாக யோசிக்கலாம். எஞ்சின் எண்ணெய் மாற்றும் செலவும் இல்லை.

அடுக்குமாடியில் இருக்கிறீர்கள், இது ஒன்றுதான் கார் என்றால், இப்போதைக்கு மைவியே மலிவு.

ஷோரூமுக்குப் போகும் முன், கடந்த மூன்று மாத மின்கட்டண பில்லையும் பெட்ரோல் ரசீதுகளையும் மேசையில் வைத்து ஒரு முறை கூட்டிப் பாருங்கள். விற்பனையாளர் சொல்லும் கணக்கைவிட உங்கள் வீட்டுக் கணக்குக்கு நம்பிக்கை அதிகம்.