ஒரே பாத்திரத்தில் பருகாத சபை

ஆயக்காரரோடு பந்தியமர்ந்த இயேசு, வேதபாரகரையும் பரிசேயரையும்தான் கடிந்துகொண்டார். மத்தேயு நற்செய்தியின் 23ஆம் அதிகாரம் நெடுக அந்தக் கண்டனம்தான்: பார்வைக்கு நீண்ட ஜெபம், விருந்தில் முதலிடம், உள்ளே பேராசை. மரத்தை அதன் கனியால் அறியலாம் என்ற அளவுகோலை அதே நற்செய்தி 7ஆம் அதிகாரத்தில் தருகிறது. கனி இன்னதென்று கலாத்தியர் நிருபத்தில் பவுல் விரிக்கிறார்: அன்பு, நீடிய பொறுமை, தயவு, சாந்தம் என்று ஒன்பது. பெரும்பாலும் அடுத்த மனிதர் இல்லாமல் விளையாதவை இவை. தமிழ்நாட்டில் அந்த அடுத்த மனிதர் சாதியோடு வந்து நின்றார். காவிரிப் படுகையின் முந்நூறு ஆண்டுத் திருச்சபை வரலாற்றில் மாய்மாலமும் மெய்யான கனியும் பிரிந்து தெரிந்த இடம் அதுதான்.

1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்குக்கு முதல் இடையூறு கிறிஸ்தவர்களிடமிருந்தே வந்தது. கோட்டைக்குள் வாழ்ந்த ஐரோப்பியரின் நடத்தையைத் தமிழர்கள் அவரிடமே சுட்டிக்காட்டினார்கள். அவரும் அதை மறைக்காமல் ஐரோப்பாவுக்கு எழுதினார். ஏழை விதவை ஒருவரின் கடன் வழக்கில் அந்தப் பெண்ணின் பக்கம் நின்றது உள்ளிட்ட மோதல்கள் முற்றி, டேனிஷ் தளபதி ஹாசியஸ் 1708இல் அவரைச் சிறையில் அடைத்து நான்கு மாதம் வைத்திருந்தார்.

ஆனால் குற்றம் ஆட்சியாளரோடு முடியவில்லை. தஞ்சை அரசரின் படையில் இருந்த இராஜநாயக்கன், பறையர் சமூகத்தவர். சீகன்பால்க் அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாட்டை வாசித்து மனம் மாறி, பல பத்தாண்டுகள் தஞ்சைச் சீமையில் உபதேசியாராக உழைத்தார். தமிழ் ஊழியர்களில் 1733இல் ஆரோனுக்கும் 1741இல் தியோகுவுக்கும் குருப்பட்டம் கிடைத்தது. இராஜநாயக்கனுக்குக் கிடைக்கவில்லை. குறை அவருடைய ஊழியத்தில் இல்லை என்பதை மிஷனரிகளே அறிந்திருந்தார்கள். அவர் கையால் இராப்போஜனம் வாங்க உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் தயங்குவார்கள் என்ற அச்சம்தான் தடையாக நின்றது. தங்களுக்காகவே மரித்தார் என்று நம்பிய ஒருவரின் பந்தியில், பரிமாறுபவர் யார் என்று பார்த்த சபை அது.

கனிக்குச் சான்று தேடினால் 1778இல் தஞ்சாவூரில் குடியேறிய மிஷனரி ஷ்வார்ட்ஸிடம் நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கிறது. அவருடைய நேர்மைக்குச் சாட்சி சொன்னவர்களில் பலர் அவர் மதத்தவர் அல்லர். 1779இல் கிழக்கிந்தியக் கம்பெனி தூது அனுப்ப நினைத்தபோது, மைசூரின் ஹைதர் அலி நம்பி ஏற்றது இவரைத்தான். ஹைதர் வழிச்செலவுக்குத் தந்த பணத்தை அவர் கம்பெனியிடம் ஒப்படைத்தார்; அவர்கள் திருப்பித் தந்ததும் அனாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கு முதலாக வைத்தார். அடுத்து வந்த போரில் வயல்கள் பாழாகி, தஞ்சைக் கோட்டைக்குள் சனங்கள் பட்டினியால் செத்தார்கள். சுற்றுவட்டாரத்தில் நெல் இருந்தது. முன்பு மாட்டையும் உழைப்பையும் வாங்கிக்கொண்டு கூலி தராமல் ஏமாற்றிய அதிகாரிகளை நம்பி விவசாயிகள் வண்டி பூட்ட மறுத்தார்கள். ஷ்வார்ட்ஸ் தம் பெயரில் கூலிக்கு உறுதி கொடுத்தார். மாடுகள் வந்தன, நெல் வந்தது, ஒவ்வொருவருக்கும் அவர் கூலியை எண்ணிக் கொடுத்தார். பின்னர் வரிக்கொடுமை தாங்காமல் ஊரைவிட்டுப் போன குடியானவர்களில் 7,000 பேர் அவர் வாக்கை நம்பித் திரும்பி வந்து உழுதார்கள். அவர் அரவணைத்து வளர்த்த இளவரசர் சரபோஜி கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார். ஃபிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு குருவுக்குப் பளிங்கு நினைவுச்சின்னமும் எழுப்பினார். ஞானஸ்நானக் கணக்கில் இடம்பெறாத கனி இது.

அதே ஷ்வார்ட்ஸ் கோவிலுக்குள் சாதிவாரியாகப் பிரிந்து உட்காரும் வழக்கத்தைச் சகித்துக்கொண்டார், காலப்போக்கில் அது தேய்ந்துவிடும் என்ற எண்ணத்தில். தேயவில்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை உடனே, முற்றாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரில் எழுந்தது கொந்தளிப்புதான். இராப்போஜனத்தில் ஒரே பாத்திரத்தில் பருகுவதைவிடச் சபையைவிட்டு விலகுவதே மேல் என்று கருதியவர்கள் பலர். அவர்களில் சிலர் சாதி விஷயத்தில் மென்மையாக நடந்த லைப்சிக் மிஷனின் லுத்தரன் சபைகளுக்குப் பிற்பாடு போய்ச் சேர்ந்தார்கள்.

இந்தப் பிணக்கில் மனத்தை வருத்தும் பெயர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). ஷ்வார்ட்ஸின் மாணவர், சரபோஜியின் தோழர், ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியவர். அவருடைய கீர்த்தனைகள் இன்றும் தமிழ்ச் சபைகளில் ஒலிக்கின்றன. வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றியது, பண்டிகைப் பூக்களையும் தமிழ் இசையையும் ஒதுக்கியது என்று இளம் மிஷனரிகள்மீது அவர் வைத்த குற்றச்சாட்டுகளில் நியாயம் உண்டு. ஆனால் சாதி ஆசாரத்தையும் அதே பட்டியலில் சேர்த்து அவர் வாதாடினார். பூவுக்கும் பாட்டுக்கும் பரிந்து பேசிய நெஞ்சு, பக்கத்தில் உட்கார முடியாதவருக்காகப் பேசவில்லை. அவருடைய பக்தி போலியானது என்று சொல்ல யாராலும் முடியாது. மாய்மாலம் வேடதாரிகளின் குணம் மட்டும் என்று எண்ணுவோருக்கு இவர் வாழ்க்கை கடினமான பாடம்: உண்மையான பக்தியும் ஓரிடத்தில் கண்ணை மூடிக்கொள்ளும்.

கத்தோலிக்கரான மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826–1889) தம் விசுவாசத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டு போனார். நீதிபதியாக இருந்தபடியே 1859இல் வெளியிட்ட ‘நீதிநூ’லில் கைக்கூலியைச் சாடினார், பெண்கல்விக்காக எழுதினார். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டு மாயவரத்தில் பசித்தவர்களுக்குச் சோறிட்டார். அதைக் கண்டு அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடியவர் ‘நந்தனார் சரித்திரம்’ தந்த சைவரான கோபாலகிருஷ்ண பாரதி. பசித்தவனிடம் பிள்ளை மதம் கேட்கவில்லை, பாரதியும் பிள்ளையிடம் கேட்கவில்லை.

இன்றைய டெல்டாவில் திருவிழாக்களுக்கும் எழுப்புதல் கூட்டங்களுக்கும் குறைவில்லை. யூரியாவை அள்ளிப் போட்ட நடவும் கரும்பச்சையாகத்தான் தழைத்து நிற்கும். களத்தில் தூற்றும்போதுதான் பதர் எவ்வளவு என்று தெரியும். திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து எழுப்பிய சுவர், பல ஆண்டுகள் போராட்டத்துக்குக் காரணமாக இருந்தது. இறந்தவர்களுக்கிடையே சுவர் கட்டிவிட்டு உயிர்த்தெழுதலை அறிக்கையிடுவது எந்த இறையியலுக்கும் பொருந்தாது.

திருச்சபைத் தலைமை இதை அறியாமல் இல்லை. சாதிப் பிரிவினையை நீடிக்கச் செய்யும் வழக்கங்களைச் சீர்திருத்த வேண்டும் என்று 2003 நவம்பரில் போப் இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களிடமே சொன்னார். 2016 டிசம்பரில் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. அதற்கு உயிர் வருவதும் வராததும் பங்குகளின் கையில் இருக்கிறது: தேர் எந்தத் தெருவரை போகிறது, பங்குப் பேரவையில் யார் உட்காருகிறார்கள், மறைமாவட்டப் பள்ளிகளில் வேலை யாருக்குக் கிடைக்கிறது.

1950 ஆகஸ்ட் 10ஆம் தேதிய குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுக்கிறது. ஆண்டுதோறும் அந்நாளில் சபைகள் கறுப்புநாள் அனுசரித்து அரசிடம் நீதி கேட்கின்றன. கோரிக்கை முற்றிலும் நியாயமானது. ஆகஸ்ட் 10 அன்று தெருவில் எழுப்பும் குரலை, மறுநாள் பங்குப் பேரவைக் கூட்டத்திலும் கல்லறைத் தோட்டக் கணக்கிலும் எழுப்பும் கடமை அதே ஆயர்களுக்கும் குருமாருக்கும் சபை மூப்பர்களுக்கும் இருக்கிறது.