ஓரத்தில் நின்றவள்

"பருவம் தப்புகிறது என்று போட்டோ பிடித்துப் போட்டால் மழை பெய்துவிடுமா? எல்லாம் பிள்ளைகளின் விளம்பரப் பித்து!" என்று சிரிக்கிறார் என் நண்பர். பொன்னாடை போர்த்தும்போது காமிரா பக்கம் முகத்தைத் திருப்பத் தவறாதவர் அவர்.

அவருக்கு ஒரு படத்தின் கதையைச் சொன்னேன்.

உகாண்டாவில் வனெஸ்ஸா நகாட்டே என்று ஒரு பெண். 2019 ஜனவரியில், பூமி சூடேறுவதைத் தடுக்கக் கோரி, தம்பி தங்கைகளோடு கம்பாலா நகரத் தெருவில் அட்டையைப் பிடித்து நின்றாள். அழைத்தால் ஓடிவரப் பத்திரிகைக்காரர்கள் அவளுக்கு ஏது? படம் எடுத்துத் தானே உலகத்துக்கு அனுப்பினாள்.

மறு வருஷம் ஜனவரியில், பணக்காரர்களும் மந்திரிகளும் கூடும் டாவோஸ் நகரில், கிரேட்டா துன்பெர்க் முதலான நான்கு ஐரோப்பியப் பெண்களோடு நின்றாள். அசோசியேட்டட் பிரஸ் வெளியிட்ட படத்தில் நால்வர்தாம் இருந்தார்கள். ஓரத்தில் நின்ற ஒரே கறுப்புப் பெண்ணைக் கத்தரித்துவிட்டார்கள். பின்னாலிருந்த கட்டடம் படத்தின் அழகைக் கெடுத்ததாம்! அப்புறம் மன்னிப்பும் கேட்டார்கள். துவேஷம் இல்லை என்றே நானும் நம்புகிறேன். எனக்குப் பயமே அதுதான். வெறுப்பே இல்லாமல், வெறும் அழகுக்காக, ஒருத்தி காணாமல் போகிறாள்!

உலகம் கக்கும் கரிப்புகையில் ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதன் பங்கு நூற்றுக்கு 4 கூட இல்லை. வறட்சியில் காய்வதும் வெள்ளத்தில் மிதப்பதும் மட்டும் அவர்கள் பங்குக்கு நிறைய.

என்னை ஏன் நீக்கினீர்கள் என்று அவள் பகிரங்கமாகக் கேட்டாள். அதன் பிறகே முழுப் படம் வெளிவந்தது.

விளம்பரப் பித்தாம்! காமிரா அந்தப் பிள்ளைகள் கையிலேயே இருக்கட்டும், நண்பரே. பின்னால் கட்டடம் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகிறது.