நாளைக்குச் சூடாகிவிடும்

தெற்குப் பிரான்சில் இருக்கும் மகன் வீட்டுக்கு ஓர் ஏப்ரல் மாதம் போயிருந்தேன். தோட்டத்தில் நீச்சல் குளம். தண்ணீர் 15 டிகிரி. கால் வைத்தாலே விறைத்துப் போகும். சாயங்காலம் மகன் ஹீட் பம்ப்பைப் போட்டுவிட்டு, ஏழு வயதுப் பேத்தியிடம் "நாளைக்குச் சூடாயிடும்" என்றான். விடிந்ததும் விடியாததுமாக அவள் நீச்சலுடையோடு வந்து நின்றாள். தண்ணீர் 17. பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பென்சிலை எடுத்தேன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பாடம் இன்னும் மறக்கவில்லை: ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி வேண்டும். குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம். அதாவது 48,000 லிட்டர். 15 டிகிரியிலிருந்து 27 டிகிரிக்கு 12 டிகிரி ஏற வேண்டும். மொத்தம் 5,76,000 கிலோ கலோரி. ஒரு யூனிட் என்பது 860 கிலோ கலோரி; ஆக 670 யூனிட் வெப்பம். எந்திரம் 10 கிலோவாட். நிறுத்தாமல் ஓடினாலும் 67 மணி நேரம்!

அதுவும் காகிதக் கணக்குதான். காற்று குளிர்ந்தால் எந்திரத்தின் வலு குறையும். திறந்து கிடக்கும் குளம் ராத்திரியெல்லாம் ஆவியாகிக் கொண்டிருக்கும். ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி போச்சு. ஆகையால் என் கருத்து இது: பெரிய எந்திரம் வாங்குவதற்கு முன் குளத்துக்கு ஒரு போர்வை வாங்குங்கள். அன்றே மகன் வாங்கி வந்து மூடினான். நான்காம் நாள் சாயங்காலம் 26 டிகிரி. பேத்தி குதித்தாள்.

மகனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. முப்பது வருஷம் அரசாங்க குமாஸ்தாவாக இருந்தவன் நான். பென்ஷன் மனுவோடு வந்த கிழவிகளிடம், கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று பாராமலே "நாளைக்கு வாங்கம்மா" என்று சொல்லியிருக்கிறேன். பஸ் காசு செலவழித்து மறுநாளும் வந்தார்கள். பேத்தி நின்ற மாதிரியே நின்றார்கள்.

நாலு நாள் ஆகுமென்றால் நாலு நாள் என்றே சொல்லிவிடுங்கள். காத்திருப்பவர்கள் கோபித்துக் கொள்ள மாட்டார்கள். கணக்குப் போடாமல் 'நாளைக்கு' என்று மட்டும் சொல்லாதீர்கள்.