புல்வெளிக்கு மரம் ஈடாகுமா?

அணைக்கும் நெடுஞ்சாலைக்கும் மின்கம்பித் தொடருக்கும் வனநிலம் எடுத்துக்கொள்ளப்படுமாயின், அதற்கு ஈடாகப் பிறிதோரிடத்தில் காடு வளர்த்தல் வேண்டும் என்பது 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தையொட்டி வழக்கிற்கு வந்த ஏற்பாடு. இதன்பொருட்டுச் செலுத்தப்பெறும் தொகையை நிர்வகிக்க 2016-இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. நோக்கம் நன்றே. ஆயினும், காடு என்றால் மரம் என்று மட்டுமே பொருள்கொள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டமையால், இந்த ஏற்பாடு மலைநாட்டில் ஓர் இழப்பை இரண்டாக்கிவிடக் கூடும் என்பது எமது அபிப்பிராயம்.

பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலையாக எழுந்து இடுக்கி மாவட்டத்தின் உயர்மலைகளாகத் தொடரும் பகுதியைக் கண்டவர்கள் அங்குள்ள நில அமைப்பை அறிவர். மடிப்புகளில் குறுகிய சோலைக்காடு. சரிவுகளிலும் முகடுகளிலும் புல். மரம் வெட்டப்பட்டதால் புல் வந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. நீலகிரிச் சதுப்பு மண்ணை ஆராய்ந்த விஞ்ஞானிகள், இத்தகைய புல்வெளிகள் 20,000 ஆண்டுகளுக்கும் முன்பே இருந்தமையைக் காட்டியுள்ளனர். பனியுறைவும் காற்றும் மெல்லிய மண்ணும் மரக்கன்றுகளுக்கு இடங்கொடாத சரிவுகள் இவை.

வரையாடு சோலையில் வாழும் பிராணியன்று. அது புல்லையும் பாறையையும் நம்பியது. நீலக்குறிஞ்சி மலர்வதும், நீலகிரி நெட்டைக்காலி என்னும் சிறு பறவை கூடு கட்டுவதும் திறந்த வெளியிலேயே. 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆன இரவிகுளத்தின் 97 சதுர கிலோமீட்டரில் பெரும்பகுதி புல்வெளியே. இப்பிராணியின் மிகப் பெரிய கூட்டம் அங்கே வாழ்வது தற்செயலன்று.

இத்தகைய நிலத்தைத்தான் முன்னைய திட்டங்கள் 'பயனற்றது' என்று குறித்தன. தோல் பதனிடும் பட்டைக்கும் விறகுக்கும் காகிதக் கூழுக்குமாகச் சீகை மரமும் யூகலிப்டஸும் நடப்பட்டன. அண்டையிலுள்ள பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையே புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மறைந்துவிட்டதென்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வொன்று காட்டிற்று. மறைந்த நிலத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டவை இம்மரத் தோட்டங்களும் வேளாண்மையுமே. நடுவதற்கு ஆன செலவைக் கணக்கிட்டோர் உண்டு. மறைந்த புல்லைக் கணக்கிட்டோர் அந்நாளில் அரியர்.

அதை மீட்கலாம் என்பதற்கு வட்டவடைக்கருகே ஒரு சான்றுண்டு. ஆனைமுடிச் சோலைத் தேசியப் பூங்காவிலுள்ள பழத்தோட்டத்தில், 2019-ஆம் ஆண்டுத் தீயில் சீகைத் தோட்டம் எரிந்தபின், கேரள வனத்துறை அங்கு மீண்டும் மரம் நடவில்லை; உள்ளூர் மக்களைக் கொண்டு மலைப்புல்லை நடுவித்தது. வேலை எளிதன்று. சீகையின் விதை பல பத்தாண்டுகள் மண்ணில் உறங்கும். தீச்சூடு பட்டாலோ விழித்தெழும். எரிந்த தோட்டத்தில் சில மாதங்களிலேயே கன்றுகள் நெருக்கமாக முளைத்துவிடும். அவற்றை ஆண்டுதோறும் வேருடன் பறித்துக்கொண்டே, இயல்பான புல்லின் தூர்களைப் பிரித்து வரிசையாக நட வேண்டும். மேலும், சீகை காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சுகளில் சேர்த்து மண்ணை வளப்படுத்துவது. பயிருக்கு இது நன்மை. வளம் குறைந்த மண்ணுக்குப் பழகிய மலைப்புல்லுக்கோ இடையூறு, ஏனெனில் அவ்வளத்தைக் களைகளே முந்திக்கொள்கின்றன.

ஆகவே மீட்பு என்பது ஒருநாள் விழாவன்று. பல ஆண்டுக் கைவேலை. மீண்ட புல்வெளி பழைய புல்வெளிக்கு நிகராவதும் இல்லை. தரையொட்டி வாழும் சிறு செடிகளும் கிழங்கினங்களும் எளிதில் திரும்புவதில்லை. கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையை மூணாற்றுக்கும் போடிமெட்டுக்கும் இடையே அகலப்படுத்தியது போன்ற பணிகள் நாட்டிற்கு வேண்டியிருக்கலாம். ஆனால் 'ஈடு செய்துவிடுவோம்' என்ற சொல்லை முன்கூட்டியே கொடுத்து நல்ல புல்வெளியைப் பலியிடுவது, வைத்தியரை நம்பி நஞ்சுண்பதற்கு ஒப்பாகும். முதலில் தவிர்த்தல், பின்பு குறைத்தல், எஞ்சியதற்கே ஈடு என்ற வரிசை மாறலாகாது. அந்த ஈடும் எதை இழந்தோமோ அதற்குரிய இனமாக இருத்தல் வேண்டும். வன விலங்குகளின் வாழிடத்தை மேம்படுத்தவும் இந்நிதியினின்று செலவிட விதிகளில் இடமுண்டு. சீகை அகற்றிப் புல் நடுதலை அதன்கீழ்க் கொண்டுவரத் தடையிருப்பதாகத் தோன்றவில்லை.

இங்கே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். 1950-இல் கே. எம். முன்ஷி தொடங்கிய வனமகோத்ஸவம் ஆண்டுதோறும் ஜூலை முதல் வாரத்தில் நம் பள்ளிகளில் நடைபெறுகிறது. ஊர்ப்புறத்திலும் வெட்டவெளியான பள்ளி வளாகத்திலும் மரக்கன்று நடுவதில் தவறொன்றுமில்லை. உயர்மலைப் பள்ளிகளிலோ, மாணவர்களைக் கன்றுடன் புல்மேட்டிற்கு அழைத்துச் செல்லாமல், வனத்துறையின் அனுமதி பெற்றுச் சீகைக் கன்று பறிக்க அழைத்துச் செல்லலாம். பறித்த கன்றை எண்ணவும், ஒரு சதுர மீட்டரில் எத்தனை வகைப் புல்லுள்ளது என்று குறிக்கவும் பன்னிரண்டு வயதுச் சிறுவர்க்கு இயலும்.

களப் பணியாளர்களுக்கும் இதுவே. 'நடப்பட்ட மரங்கள்' என்ற பத்தி மட்டுமே உள்ள பதிவேட்டில், 'பறிக்கப்பட்ட அயல் மரக்கன்றுகள்', 'நடப்பட்ட புல்தூர்கள்', 'மூன்றாம் ஆண்டில் எஞ்சிய புல்தூர்கள்' என மூன்று பத்திகளை அவர்கள் தாமே கோடிட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். இதற்கு மேலிடத்து ஆணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.