எரேமியாவின் கடிதமும் அனனியாவின் பிரசங்கமும்

விளாங்குடியில் ஞாயிற்றுக்கிழமை ஒலிபெருக்கியோடுதான் விடிகிறது. திண்டுக்கல் சாலையை ஒட்டிய தெருக்களில் ஓரிடத்தில் மணியோசை, ஓரிடத்தில் ஆராதனைப் பாடல், இன்னோரிடத்தில் வாடகைக் கட்டடத்தின் மாடியிலிருந்து உரத்த ஜெபம். இவற்றுக்கிடையே நடந்துசெல்லும் எவரும் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இரண்டு மூன்று பிரசங்கங்களின் துணுக்குகளைக் கேட்காமல் வீடு திரும்ப முடியாது. நாம் துணுக்குகளை மட்டும் கேட்பவரல்லர். உள்ளே சென்று அமர்ந்து முழுமையாகக் கேட்பவர். தமிழிலக்கியம் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட நமக்கு வாரந்தோறும் பெருந்திரள் கூடிக் கேட்கும் தமிழ் உரைநடை எவ்வாறு இருக்கிறது என்பதில் அக்கறை உண்டு. அந்த அக்கறையே இக்கட்டுரைக்குக் காரணம். சினமும் ஒரு காரணம் என்பதை மறைப்பதற்கில்லை.

சில மாதங்களுக்கு முன் ஓர் ஆலயத்தில் அமர்ந்திருந்தோம். பெயர் வேண்டா, குறை அந்த ஓர் ஆலயத்திற்கு மட்டும் உரியதன்று. எரேமியா நூலின் 29ஆம் அதிகாரத்திலிருந்து ஒரே ஒரு வசனம், பதினோராவது, வாசிக்கப்பட்டது. கடவுள் தம் மக்களுக்கென வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கானவையல்ல, நன்மைக்கானவை என்னும் கருத்துடைய வசனம் அது. நாட்காட்டிகளிலும் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளிலும் அதைக் காணாத கிறிஸ்தவ வீடு அரிது. பிரசங்கியார் முப்பத்தைந்து நிமிடம் பேசினார். விசா கிடைக்கும், வங்கிக் கடன் அடையும், தடைப்பட்ட திருமணம் இவ்வாண்டே நடக்கும். கேட்டவர்கள் 'ஆமென்' என்றார்கள். அந்த அதிகாரத்தின் பத்தாம் வசனத்தை எவரும் புரட்டிப் பார்க்கவில்லை.

பத்தாம் வசனம் எழுபது ஆண்டுகள் என்கிறது. அந்த அதிகாரம் ஒரு கடிதம். கி.மு. 597இல் எக்கோனியா அரசனோடு பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதியது. அதன் உள்ளடக்கம் என்ன? வீடு கட்டிக் குடியிருங்கள். தோட்டமிட்டு அதன் பலனை உண்ணுங்கள். பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள். உங்களைச் சிறைகொண்டு சென்ற அந்த நகரத்தின் நலனுக்காகவே வேண்டிக்கொள்ளுங்கள். அதாவது, உடனே திரும்பப் போவதில்லை. எழுபது ஆண்டுகள் என்றால் அக்கடிதத்தை வாசிக்கக் கேட்ட நடுவயதினர் ஒருவர்கூடத் தாய்மண்ணைக் காணப் போவதில்லை. இதைச் சொன்ன பிறகே நன்மைக்கான நினைவுகள் பற்றிய வாக்கு வருகிறது. நீண்ட துயரத்தின் நடுவே நம்பிக்கையோடு வாழக் கற்பிக்கும் வாக்கு அது.

இன்னும் ஒரு படி மேலே செல்வோம். இதற்கு முந்திய 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறார். அவர் எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து எல்லார் முன்னிலையிலும் முறித்து, இரண்டே ஆண்டில் எல்லாம் சரியாகிவிடும் என்று முழங்குகிறார். அவரைப் பொய்யர் என்கிறது நூல். ஆக, எரேமியாவின் கடிதத்திலிருந்து ஒரு வசனத்தைக் கத்தரித்தெடுத்து, அதைக் கொண்டு அனனியாவின் பிரசங்கத்தைச் செய்கிறோம். இதைவிடப் பெரிய துரோகம் ஒரு நூலுக்கு வேறு உண்டா?

இதுவே நம் குற்றச்சாட்டு. தமிழ்ப் பிரசங்க மேடையில் வேதாகமம் வாசிக்கப்படுகிறது, ஆனால் பேசப்படுவதில்லை. வாசகம் ஒரு கொடிமரம்போல நடப்பட்டு, அதன் அடியில் பேச்சாளர் தம் சொந்தச் சரக்கை விரிக்கிறார்.

'கேட்பவர்கள் எளிய மக்கள். அவர்களிடம் போய் வரலாறும் இலக்கணமும் பேச முடியுமா?' என்று நண்பர்கள் கேட்பதுண்டு. முடியும். அதற்கான கருவிகளை வெளியிலிருந்து இறக்குமதி செய்யவும் வேண்டியதில்லை. தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுளின் உறுப்புகளை அடுக்குகையில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் ஆகியவற்றையும் வைத்தார். யார் சொல்கிறார், யாரிடம், எவ்விடத்தில், எப்போது, எதற்காக என்ற இந்த ஐந்து வினாக்களையும் முதலாண்டு மாணவர்கள்கூடக் குறுந்தொகைப் பாட்டொன்றில் கேட்டுவிடுகிறார்கள். தலைவி கூற்றைத் தோழி கூற்றாகக் கொண்டு பொருளெழுதினால் மதிப்பெண் குறைக்கிறோம். எரேமியாவின் கூற்றை அனனியாவின் கூற்றாக்கும் பிரசங்கியாருக்கு மட்டும் பொன்னாடை போர்த்துகிறோம்.

உரை மரபு நமக்குப் புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவரங்கத்தில் நம்பிள்ளை திருவாய்மொழிக்குச் சொன்ன விரிவுரைகளை வடக்குத் திருவீதிப் பிள்ளை கேட்டு ஏட்டில் பதித்தார். அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி. அது மேடையில் பிறந்த உரை. கூட்டம் கேட்ட உரை. ஆயினும் பாசுரத்தின் ஒரு சொல்லைக்கூடத் தாண்டிக் குதிக்காத உரை. பக்தியும் துல்லியமும் பகைவரல்லர் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. மறுபுறம், நச்சினார்க்கினியர் முல்லைப்பாட்டில் சொற்களை அங்கிருந்தும் இங்கிருந்தும் பெயர்த்துக் கூட்டிப் பொருள் கண்டபோது, அவ்வளவு பெரிய உரையாசிரியர் என்றும் பாராமல் மறைமலையடிகள் தம் ஆராய்ச்சியுரையில் அதை மறுத்தார். ஒரு பாட்டின் சொற்களை இடம் மாற்றியதற்கே இத்தனை கேள்வி. உயிரினும் மேலாகத் தாம் போற்றும் நூலுக்கு இதே நீதியைக் கிறிஸ்தவர்கள் ஏன் கேட்பதில்லை?

இந்த மதுரை மண்ணுக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. 1595 முதல் இங்கிருந்த கொன்சாலோ பெர்னாண்டசின் பணி உள்ளூர் மக்களிடம் வேர்பிடிக்கவில்லை. 1606இல் வந்த இராபர்ட் தெ நொபிலி தமிழும் வடமொழியும் கற்று, இங்குள்ளோர் மதிக்கும் மொழியில் ஞானோபதேசத்தை உரைநடையாக எழுதினார். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்றுத் தமிழிலேயே பிரசங்கித்தார்; அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. அந்நியர்களான அவர்கள் ஒரு சொல்லுக்காக உழைத்தார்கள். தாய்மொழியாளர்களான நாம் சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு வேதாகமத்தைத் திறக்கிறோம்.

சொல்லுக்காக உழைப்பது என்றால் என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பழைய மொழிபெயர்ப்பில் 'ஆயக்காரன்' என்றிருப்பது 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பில் வரிதண்டுபவர் என்றாயிற்று. ஆயம் என்றால் சுங்கம், தீர்வை. இன்று ஆயக்காரன் என்ற சொல்லைக் கேட்கும் பலருக்கு அது 'பாவி' என்பதன் மறுபெயராக மட்டுமே ஒலிக்கிறது. உரோமைப் பேரரசுக்காகத் தன் சொந்த மக்களிடம் வரி பிடுங்கியவன் அவன் என்பது தெரிந்தால்தான், லூக்கா 18ஆம் அதிகார உவமையில் அவன் நீதிமானாகத் திரும்பிச் செல்வது அதிர்ச்சி தரும். அவ்வாறே பரிசேயன் அந்தக் காலத்துக் கயவனல்லன். வாரம் இருமுறை நோன்பிருந்து, வருவாயில் பத்தில் ஒரு பங்கு கொடுத்த மரியாதைக்குரிய மனிதன். நம் ஆலயங்களில் முன்வரிசையில் அமர்பவர் அவரே. பரிசேயனை ஏசி முடிக்கும் பிரசங்கத்தைக் கேட்டு, 'நல்லவேளை, நாம் பரிசேயரல்லர்' என்று நிறைவோடு வீடு திரும்புகிறோம். உவமை தலைகீழாகிவிட்டது என்பதை எவரும் உணர்வதில்லை.

இன்னொரு நோயும் உண்டு: மோனை நோய். எந்தப் பகுதியானாலும் மூன்று தலைப்பு. மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்க வேண்டும். அழைத்தார், அணைத்தார், அனுப்பினார் என்று. பகுதியில் அணைத்தல் இல்லாவிட்டாலும் அகர மோனைக்காக அணைத்தாக வேண்டும். இதைச் சொல்லும் தகுதி நமக்கு உண்டா என்றால், பட்டறிந்தவர் என்ற தகுதி உண்டு. கிறிஸ்துமஸ் விழாவொன்றில் நம்மைப் பேச அழைத்தபோது அடுக்குமொழியில் கைதட்டல் வாங்கினோம். வீடு திரும்பும் வழியில்தான் வாசிக்கப்பட்ட பகுதியைப் பற்றி ஒரு வாக்கியம்கூடப் பேசவில்லை என்பது உறைத்தது. ஒருவரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை என்பது அதனினும் கொடிது.

ஆயத்தம் வேண்டாம் என்போரின் பெரிய ஆயுதம் மத்தேயு 10ஆம் அதிகாரம். என்ன பேசுவது என்று கவலைப்பட வேண்டாம், அந்த வேளையில் அருளப்படும் என்பது அங்குள்ள வாக்கு. ஆனால் கேட்போர் யார், களன் எது? நம்பிக்கையின் பொருட்டுப் பிடித்துச் செல்லப்பட்டு ஆளுநர்கள் முன்னும் அரசர்கள் முன்னும் நிறுத்தப்படப் போகிறவர்களுக்குச் சொன்ன ஆறுதல் அது. ஆறு நாள் அவகாசம் இருந்தும் படிக்காமல் மேடையேறுபவருக்குச் சொன்னதன்று. தனித்த வசனத்தைப் பிடுங்கி எடுத்து மேற்கோள் காட்டும் கலையில் தேர்ந்த ஒருவர் அதே நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தில் வருகிறார். பாலைநிலச் சோதனையில் 91ஆம் சங்கீதத்தை எடுத்துச் சொன்னவர் யாரென்று வாசகர்களே பார்த்துக்கொள்ளலாம்.

'வாழ்க்கையில் அடிபட்டு வருகிறவர்களுக்கு ஆறுதல்தானே வேண்டும், வகுப்பறை எதற்கு?' என்பது கனிவான மறுப்பு. ஆகவே கனிவோடு விடை சொல்ல வேண்டும். துல்லியம் என்றால் வறட்சி என்று பொருளில்லை. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், அரசரடியில், 1969இல் தோன்றிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மக்களின் மொழியிலும் மெட்டிலும் வழிபாட்டையே வார்த்தெடுத்தார். எளிமை வேறு, மலிவு வேறு என்பதை அவர் பணி காட்டிற்று. கடிதத்தின் கதையை அறியாமல் அதன் ஆறுதலை எவராலும் தர முடியாது.

உண்மையில் நூலைவிட்டு விலகுவது அறியாமையால் மட்டும் நேர்வதன்று, வசதிக்காகவும் நேர்கிறது. யாக்கோபு நிருபத்தின் 2ஆம் அதிகாரம் சபைக் கூடத்தைப் பற்றியே பேசுகிறது. பொன்மோதிரம் அணிந்து வருபவனுக்கு நல்ல இடமும், கந்தை உடுத்து வருபவனுக்குக் கால்மாட்டிலும் இடம் கொடுப்பதைக் கண்டிக்கிறது. கத்தோலிக்க வாசக ஒழுங்கில் அது மூன்றாண்டுக்கு ஒருமுறை ஞாயிறு வாசகமாகவே வருகிறது. தமிழ்நாட்டில் அந்தப் பகுதியை நேர்மையாக விரித்தால் சாதியைத் தொடாமல் தப்ப முடியாது. தனித் தேர், தனிக் கல்லறை, தனித் தெரு எல்லாம் வாய்க்கு வரும். 2008இல் எறையூரில் ஆலயத்துச் சாதிப் பிரிவினை குறித்த மோதல் காவல்துறையின் துப்பாக்கிச் சூடு வரை சென்று உயிர்களைப் பலிகொண்டதை மறந்திருக்க மாட்டோம். நாம் மேலே புகழ்ந்த நொபிலியும் சொல்லில் காட்டிய நுட்பத்தைச் சாதியை எதிர்ப்பதில் காட்டவில்லை. அதைச் சமூக வழக்கமென்று ஏற்றே பணி செய்தார். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை. வாக்குத்தத்தப் பிரசங்கம் எவர் இருக்கையையும் அசைப்பதில்லை. அதன் செல்வாக்குக்கு இதுவும் ஒரு காரணம்.

நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. திங்களன்றே பகுதியைத் தேர்ந்து, அதற்கு முன்னும் பின்னும் உள்ள அதிகாரங்களை வாசியுங்கள். பழைய மொழிபெயர்ப்பையும் 1995ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்து, எங்கே வேறுபடுகின்றன என்று குறியுங்கள். தொல்காப்பியரின் ஐந்து வினாக்களைக் கேளுங்கள். பகுதி சொல்வதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் இன்னும் விளங்கவில்லை என்று பொருள். அதன்பின் கதை சொல்லுங்கள், பாடுங்கள், அழவும் செய்யுங்கள். அந்த வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். கேட்போருக்கும் ஒரு வேண்டுகோள்: வாசகம் முடிந்ததும் நூலை மூடாதீர்கள். பிரசங்கியார் பேசுவது அந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நம் தெருவில் ஓர் அம்மையார் இருக்கிறார். வீட்டுச் சுவரில் அதே 29:11 அட்டை, மூன்றாண்டுகளுக்கு முந்தியது. அவ்வாண்டே மகனுக்கு வேலை கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டது, கிடைக்கவில்லை. அண்மையில் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கையில், "எல்லாருக்கும் நடக்குது சார். எனக்குத்தான் விசுவாசம் பத்தலையோ என்னமோ" என்றார். தவறு பிரசங்கத்தினுடையது, பழியை அவர் தம்மேல் ஏற்றுக்கொண்டிருக்கிறார். எழுபது ஆண்டுகளைப் பற்றி, அயலூரில் தோட்டமிட்டுக் காத்திருந்தவர்களைப் பற்றி அவரிடம் நாம் சொன்னோம். சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "இதை ஏன் சார் கோயில்ல யாருமே சொல்லல?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு மேடையில் நிற்பவர்கள்தாம் விடை சொல்ல வேண்டும்.