சம்பளம் நின்ற பின்னும் நிற்காத வரி

வரி என்றதும் அது சம்பளம் வாங்குவோரின் கவலை என்றே பலரும் நினைக்கிறோம். உயர்தரத்தில் பொருளியல் படிக்கத் தொடங்கிய பின் என்னிடம் வேறொரு கேள்வி எழுந்தது. உழைப்போர் முதுமையடைந்துவரும் நாட்டில் வரிச்சுமை யார் தோளில் இறங்குகிறது?

2012 குடிசன மதிப்பீட்டின்படி நம் நாட்டில் 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் நூற்றுக்கு 8 பேர் அளவில் இருந்தனர். 2024 இல் அந்த எண்ணிக்கை 12 ஐத் தாண்டிவிட்டது. மறுபக்கம், 2022 இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் தொழிலுக்காக வெளிநாடு சென்றனர். சம்பளத்தில் வரி செலுத்தக்கூடியவர்கள் இப்படிக் குறைந்தால், அரசுக்கு இலகுவாகக் கிடைப்பது பொருள்கள் மீதான வரிதான்.

2022 இன் தொடக்கத்தில் 8 வீதமாக இருந்த வற் வரி, பொருளாதார நெருக்கடிக்குப் பின் 2024 ஜனவரியில் 18 வீதமானது. சமையல் எரிவாயுவும் அதற்குள் வந்தது. வருமான வரி, "நீ எவ்வளவு உழைக்கிறாய்?" என்று கேட்கிறது. வற் வரி எதையும் கேட்பதில்லை. கம்பனிப் பணிப்பாளரும் வருமானமில்லாத விதவைத் தாயும் ஒரு சிலிண்டருக்கு ஒரே வரியைத்தான் கட்டுகின்றனர்.

அரச ஊழியருக்கு ஓய்வூதியம் உண்டு. தனியார் துறையினருக்கு ஊழியர் சேமலாப நிதி ஒரே தொகையாகக் கிடைக்கிறது. மகளின் கல்யாணத்தோடு அது முடிந்துபோவதும் உண்டு. கடை வைத்திருப்பவர், தையல்காரர், மீனவர் போன்றோரில் பலருக்கு இரண்டுமே இல்லை. என் மூத்தவாப்பா எழுபது வயதிலும் தையல் மெஷினை விடாததற்குக் காரணம் ஆசை மட்டுமல்ல.

2025 ஏப்ரலில் வருமான வரி விலக்கு எல்லை மாதம் ஒரு இலட்சத்திலிருந்து ஒன்றரை இலட்சமாக உயர்ந்தது. நல்ல விடயம். ஆனால் சம்பளமே இல்லாத முதியவருக்கு அந்தச் சலுகையால் ஒரு ரூபாயும் மிஞ்சவில்லை.

வற் வரியே வேண்டாம் என்பதல்ல என் வாதம். அரச ஆஸ்பத்திரியும் இலவசக் கல்வியும் வரிப்பணத்தில்தான் நடக்கின்றன. நம்மைவிட முதுமையடைந்த ஜப்பான், 1989 இல் 3 வீதமாகத் தொடங்கிய நுகர்வு வரியை 2019 இல் 10 வீதமாக்கியது. அந்த உயர்வுக்குச் சொல்லப்பட்ட முக்கிய காரணம் சமூகப் பாதுகாப்புச் செலவு. அப்போதும் உணவுப் பொருள்களுக்கு 8 வீதத்தையே வைத்துக்கொண்டது. நாமும் முதியோருக்குத் தவிர்க்க முடியாத பொருள்களின் வரியைக் குறைக்கலாம். வற் வரியில் ஒரு பங்கை, சுயதொழில் செய்வோரின் முதுமைக்கான நிதியாக ஒதுக்கலாம்.

வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படும் நாளில், "சம்பளக்காரருக்கு என்ன கிடைத்தது?" என்று வீடுகளில் பேசிக்கொள்கிறோம். சம்பளம் நின்றுபோனவருக்கு என்ன கிடைத்தது என்றும் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து கேட்கவேண்டும். பதினேழு வயதில் இருக்கும் எங்களுக்கு அறுபது வயதாக இன்னும் 43 ஆண்டுகள்தான் இருக்கின்றன.